டேனியலைப் பற்றி உனக்குச் சொல்லாதது

அன்புள்ள சுமதிக்கு,

மேல்படிப்புக்காக வெளிநாடு கிளம்பிய உன்னை டில்லி பாலம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து இன்றோடு ஒன்பது நாளாகிறது. போய்ச் சேர்ந்துவிட்டதாக நீ கொடுத்த தந்தி வந்தது. அறை வசதியாக இருக்கிறதா, அந்தக் கோட்டு குளிர் தாங்குகிறதா, அரிசி எங்கே கிடைக்கிறது என்றெல்லாம் அம்மா தனியாக எழுதியிருக்கிறாள். இதே உறையில்தான் இருக்கிறது. அதை முதலில் படி. இதை, உட்கார்ந்து படிக்க நேரம் இருக்கிற ஒரு நாளில் படி. தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் உன்னைப் பிடித்து உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். "அவளுக்குச் சட்டுனு புரியணும்னா இங்கிலீஷ்லயே எழுதிருங்களேன்" என்று அம்மாகூடச் சொன்னாள். ஆனால் இங்கிலீஷில் எழுதினால் நான் இதை அழகாக எழுதிவிடுவேன். முப்பது வருஷம் மத்திய சர்க்கார் ஆபீசில் குறிப்பும் கடிதமும் டைப் அடித்த கை இது. எந்த விஷயத்தையும் யாருக்கும் உறுத்தாமல் எழுத அதற்குத் தெரியும். இந்த விஷயம் உறுத்த வேண்டும்.

போன வருஷம் உன் எம்.ஃபில். ஆய்வேட்டை நான்தான் டைப் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு நாவலைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுத என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அடிக்க அடிக்கக் கதை எனக்குத் தெரிய ஆரம்பித்தது. எங்கோ ஒரு தீவிலிருந்து ஒரு கறுப்பு இளைஞன், குளிர்தேசத்துத் துறைமுக ஊர் ஒன்றுக்குக் குமாஸ்தா வேலைக்கு வருகிறான். வாடகைக்கு அறை விடும் ஒரு வீட்டின் மேல்மாடியில் தங்குகிறான். அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். யாரும் அவனை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. காலையில் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்கிறார்கள். அப்படியே அவனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் நீ ஒன்று கண்டுபிடித்து எழுதியிருந்தாய். முதல் பகுதியில் மற்றவர்கள் அவனிடம் பேசுகிற பேச்சு பக்கம் பக்கமாக வருகிறது. போகப்போக அது சுருங்கி, கடைசிப் பகுதியில் ரொட்டிக் கடைக்காரன் மட்டும்தான் அவனிடம் வாய் திறக்கிறான். ஆசிரியர் 'தனிமை' என்ற சொல்லை ஒரு இடத்தில்கூடப் போடாமல், பேச்சைக் குறைத்தே அதைக் காட்டிவிட்டார் என்று எழுதியிருந்தாய். என் மகளுக்கு இவ்வளவு கூர்மையா என்று பெருமையாக இருந்தது. அதற்கடுத்த பக்கத்தில், தன் காலடிச் சத்தம் யாருக்கும் கேட்கக்கூடாது என்று அவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறான் என்று வந்தது. அந்த வரியோடு நான் நிறுத்திவிட்டேன். நீ அறையிலிருந்து எட்டிப்பார்த்து, ஏன் சத்தத்தைக் காணோம் என்று கேட்டாய். ரிப்பன் சிக்கிக்கொண்டது என்று சொன்னேன்.

மறுநாளே உன் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்து ஆபீசுக்குக் கொண்டுபோனேன். மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே புல்தரையில் உட்கார்ந்து படித்தேன். கதை படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த மேல்மாடி அறை எனக்குத் தெரிந்த அறை.

நமக்கு இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைப்பதற்கு முன், எழுபதுகளின் தொடக்கத்தில், ஜங்புராவில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர், நடுவில் நாம், மொட்டைமாடியில் பர்சாத்தி என்று சொல்கிற ஒற்றை அறை. அந்த அறைக்குத்தான் டேனியல் வந்தான். கென்யாவிலிருந்து ஸ்காலர்ஷிப்பில் எம்.ஏ. படிக்க வந்தவன். ஹாஸ்டலில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் அவன் நுழைந்தாலே பையன்கள் குரங்குபோலக் கத்துவார்களாம். அதைத் தாங்காமல் வெளியே அறை எடுத்தவன். உனக்கு அப்போது ஏழு வயது. அவனை உனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று உன் ஆய்வேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் பள்ளியில் யாரோ உன்னைக் 'காலி', கறுப்பி, என்று கூப்பிட்டு, உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நீ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். மேலே போக வந்தவன் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கைக்கு அருகில் தன் கையை வைத்துக் காட்டி, அவர்களிடம் இருந்த வார்த்தையை உன்மேலேயே செலவழித்துவிட்டார்களே, இனி எனக்கு என்ன சொல்லப் போகிறார்கள் என்று கவலையோடு கேட்டான். நீ அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு அந்நியன் சொல்கிறானே என்று இருந்தது. எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையைத் தெருவில் நானும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அதை நான் வீட்டில் சொன்னதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருஷமாகியும் அந்தத் தெருவில் எனக்குப் பெயர் கிடையாது, மதராசிதான். பால் பூத்தில் வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் யாராவது நுழைந்துகொள்வார்கள். எதிர்வீட்டில் இருந்த சோப்ரா ஜி, ரிட்டயரான பெரிய மனிதர், தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் நமஸ்தே சொன்னால் என் தலைக்கு மேல் எதையோ பார்ப்பார். டேனியல் வந்த பிறகு இதெல்லாம் மெல்ல மாறியது. பையன்கள் அவன் பின்னால் 'ஹப்ஷி, ஹப்ஷி' என்று ஆப்பிரிக்காக்காரனுக்கு வைத்திருக்கிற வசவைக் கத்திக்கொண்டு போனார்கள், என்னை விட்டுவிட்டார்கள். அவன் வந்த பிறகு அந்தத் தெருவில் நான் கறுப்பன் இல்லை. இதை நான் அப்போதே கவனித்தேன் சுமதி. கவனித்து, உள்ளுக்குள் நிம்மதியும் பட்டேன்.

அவன் நம் வீட்டுக்கு வருவான். ஜுரத்தில் கிடந்தபோது அம்மா ரசமும் குழைந்த சாதமும் கொடுத்தனுப்பினாள்; அதற்குப் பிறகு அவளை அவன் 'மாதாஜி' என்றுதான் கூப்பிட்டான். ஸ்காலர்ஷிப்பை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தபோது என்னிடம்தான் வந்தான். ஆபீஸ் பாஷையில் நான் அதை அடித்துக் கொடுத்தேன். அதில் 'இன் தி ஃபிட்னஸ் ஆஃப் திங்ஸ்' என்று ஒரு தொடர் போட்டிருந்தேன். அப்படிச் செய்வதே முறையாக இருக்கும் என்று அர்த்தம். என் பிரிவில் அதை நான் போடாத கடிதமே கிடையாது. அவன் அதை இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இந்த மாதிரி இங்கிலீஷை இங்கிலாந்துக்காரனே மறந்திருப்பான் சார் என்று சிரித்தான்.

பிரச்சினை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்தது. அவனைப் பார்க்க அவன் ஊர்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். மாடியில் சமைத்துச் சாப்பிட்டார்கள், பாடினார்கள், சாயங்காலம் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து தெருநாய் ஒன்றைக் காணவில்லை. மாடியில் என்ன சமைத்தார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கடைக்காரன் அவனுக்குச் சாமான் கொடுக்காமல் காக்கவைத்தான். வீட்டுக்காரர் மனைவி, அவன் படி ஏறுகிற சத்தம் தலையில் இடிக்கிறது என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏற ஆரம்பித்தான். நம் கதவைத் தாண்டி அவன் வெறும் சாக்ஸோடு ஏறிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் கூப்பிட்டதில்லை.

அந்த வாரம் சோப்ரா ஜி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வீட்டு வராந்தாவில் தெருவின் முக்கியமானவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி காலியாக வைத்திருந்தார்கள். "ஆயியே பாபு சாஹிப்" என்று எழுந்து வரவேற்றுக் கையைக் கொடுத்தார். டீ வந்தது, மட்ரி என்கிற உப்புத் தின்பண்டம் வந்தது. தெருவில் உங்களைப்போல இங்கிலீஷ் எழுத ஆளில்லை, வீட்டுக்காரருக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றார். நாய் விஷயத்தையும் அதில் போடச் சொன்னார்கள். அப்படியெல்லாம் எழுதினால் நன்றாக இருக்காது, 'பழக்கவழக்கங்கள் வேறு' என்று போட்டால் போதும் என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஏதோ நியாயமான ஆள்போல எனக்கே தோன்றியது. வீட்டுக்கு வந்து அன்றே அடித்தேன். அவர்மீது எங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை, அவருடைய பழக்கவழக்கங்கள் வேறு, எங்களுடையவை வேறு, குடும்பங்கள் வாழும் தெருவாகையால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வதே முறையாக இருக்கும். ஒரு பிழை இல்லாமல் ஒரே பக்கத்தில் முடித்தேன். கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னேன். அதே வீட்டில் குடியிருப்பவர் போட வேண்டாம், உங்களுக்குச் சங்கடம் என்று சோப்ரா ஜியே தடுத்துவிட்டார். அதனால் அந்தத் தாளில் என் பெயர் கிடையாது, எழுத்து முழுவதும் என்னுடையது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் நான் மெஷினில் உட்கார்ந்திருந்தபோதே கேட்டாள், சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்தப் பையன்மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. தெருவே சொல்லும்போது நாம என்ன செய்ய?"

"கோவமே இல்லாம எப்படிங்க இத எழுத முடிஞ்சுது?"

நான் அடுத்த வரியை அடித்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அவள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

அடுத்த ஞாயிறு காலையில் டேனியல் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். நீ கீழே விளையாடப் போயிருந்தாய். வீட்டுக்காரர் இதைக் கொடுத்தார், இதற்கு ஒரு பதில் எழுதித் தர முடியுமா சார், எனக்கு உங்களைப்போல எழுத வராது என்று நீட்டினான். நான் வாங்கி, முதல்முறை படிப்பவன்போல, வரிவரியாகப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த அசிங்கமான காரியம் எது என்று கேட்டால், அந்த இரண்டு நிமிஷம் படிப்பதுபோல நடித்ததுதான். பிறகு, பதில் எழுதிப் பிரயோஜனமில்லை, நீயே வேறு இடம் பார்ப்பது நல்லது என்றேன். அவன் தாளைத் திரும்ப வாங்கினான். ஏதோ தோன்றி மறுபடி ஒருமுறை பார்த்தான். அவன் விரல் ஒரு வரியில் நின்றது. 'இன் தி ஃபிட்னஸ் ஆஃப் திங்ஸ்' என்று மெதுவாக வாசித்தான். பழக்கதோஷத்தில் அதையும் போட்டுத் தொலைத்திருந்தேன். அவன் மேஜைமேல் இருந்த டைப்ரைட்டரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நன்றாக எழுதியிருக்கிறார் சார்," என்றான். "ஒரு தப்புகூட இல்லை."

அவன் முகத்தில் கோபமே இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உனக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டான். சொன்னேன். நன்றாக எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். அடுத்த வாரம் நீ பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாக ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் ஏறிப் போனான். நாய் அதற்கு முன்னாலேயே, ஒரு காதில் காயத்தோடு, தானாகத் திரும்பி வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ வந்து கேட்டபோது டேனியல் அங்கிள் அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று சொன்னேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனானே என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாய்.

இப்போது உன் ஆய்வேட்டின் நன்றியுரைக்கு வருகிறேன். அதைக் கடைசியாகத்தான் என்னிடம் கொடுத்தாய். 'எங்கள் மாடியில் இருந்த ஆப்பிரிக்க மாணவரை உலகம் நடத்தியதுபோல நடத்தாமல், வீட்டு மனிதராக நடத்திய என் தந்தைக்கு. மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்பதை நான் முதலில் கற்றது அவரிடம்' என்று எழுதியிருந்தாய். நீ சமையலறை வாசலில் நின்று, நான் அதைப் படிக்கிற முகத்தைப் பார்க்கக் காத்திருந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டு அதையும் டைப் செய்தேன். அப்பா நெகிழ்ந்து போய்விட்டார் என்று நீ அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னாய். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நீ போன பிறகுதான் எனக்கு வாய் வருகிறது. இதுவும் கோழைத்தனம்தான்.

உன் ஆய்வில் ஒரு இடத்தில் எனக்கு உன்னோடு உடன்பாடில்லை. அந்த நாவலில் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறாரே, மேல்மாடிக்காரனோடு முதலில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மற்றவர்களோடு சேர்ந்து வீட்டுக்காரிக்குக் கடிதம் எழுதுகிறவர். அந்தக் கடிதத்திலும் 'தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை' என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்த அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. அவரை நீ பலவீனமானவர், பயந்து போனவர் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, கொஞ்சம் இரக்கத்தோடு விட்டுவிட்டாய். அது சரியில்லை. அவர் பயப்படவில்லை சுமதி. அவருக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அவரும் அந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்தான், அவர் உச்சரிப்பை மற்றவர்கள் கேலி செய்தார்கள் என்று நாவலில் முதலிலேயே வருகிறது. நீ அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாய். அவருக்கு முதல்முறையாக ஒரு நாற்காலி போட்டார்கள். ஒருவனை வெளியே தள்ளுகிற இடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து நின்றால், நாம் உள்ளே வந்துவிட்டதுபோல இருக்கும். அந்தச் சுகம் எனக்குத் தெரியும். சோப்ரா ஜி வீட்டு டீயின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது எத்தனை நாள் நீடித்தது என்று கேட்பாய். நான்கு மாதம். அதற்குப் பிறகு நான் மறுபடி மதராசி ஆனேன். பால் பூத்தில் மறுபடி எனக்கு முன்னால் ஆட்கள் நுழைந்தார்கள்.

நீ இப்போது இருக்கிற ஊரில் உனக்கும் இதெல்லாம் நடக்கலாம். உன் நிறம் என் நிறம். உன் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பேச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அப்படி நடந்தால் உன்மேல்தான் ஏதோ தப்பு என்று தேட ஆரம்பிக்காதே. பூட்ஸைக் கழற்றாதே. சத்தம் கேட்கும்படியாகவே படி ஏறு. இது நடக்காமல் போனால், உனக்கு நல்ல நாற்காலியாகப் போட்டு உட்காரச் சொன்னால், அன்றைக்குத்தான் நீ கவனமாக இருக்க வேண்டும். அந்த அறையில் யார் இல்லை என்று பார்த்துக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அம்மாவுக்கும் தெரியாது. டேனியல் அப்போது ஊருக்குப் போகவில்லை. அடுத்த ஒரு வருஷமும் இதே டில்லியில்தான் இருந்தான். மறுவருஷம் வெயில் ஆரம்பித்த சமயம், ஒரு நாள் முற்பகலில் ஆபீஸ் பியூன் ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். பார்வையாளர்கள் கீழே வரவேற்பில் எழுதிக் கொடுக்கிற சீட்டு. பெயர் என்ற இடத்தில் டேனியல் என்று இருந்தது. பார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை ஒரு எழுத்துத் தவறாமல் எழுதியிருந்தான். வந்த காரணம் என்ற இடத்தில், 'விடைபெற' என்று ஒரே வார்த்தை. பியூன் நின்றுகொண்டிருந்தான். நான் லீவு என்று சொல்லிவிடு என்றேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுப் போனான். இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து கேட் தெரியும். டேனியல் வெளியே வந்து, உடனே போகாமல், மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், இளைத்திருந்தான். மேலே பார்க்கவில்லை. பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போய்விட்டான். பரீட்சை எழுதினானா, பாஸ் பண்ணினானா, என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வந்தானா, திட்ட வந்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. கீழே இறங்க இருபத்தெட்டுப் படிதான்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டியது நீ இல்லை. பதில் போட உனக்கு மனம் வர நாளானாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் வாரம் ஒரு கடிதம் போட்டுவிடு. என்றாவது ஒரு நாள் யாராவது உன்னைத் தேடி வருவார்கள். அவருக்கு நீ என்ன செய்திருந்தாலும், முகத்தைப் பார்க்க எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், இருக்கிறேன் என்று சொல். எழுந்து கீழே போ.

உன்
அப்பா